தலைகீழாய் நட வேண்டிய ஆறு கம்பு

என் வயதை ஒத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். சின்னவர்கள் படித்தால் படிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சாரல் என்று ஒரு சொல்லை நான் எழுதி நிறுத்தினால், உங்களுக்குத்தான் காது மடல் குளிரும். அவர்களுக்கு அது டிக்கெட் போட்டுக் குளிக்க வருகிற மாதம், அவ்வளவுதான்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அடக்கமாக இருக்க எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. படிப்பு மூன்றாம் வகுப்பு. இன்றைக்குத் தென்காசிக்கு மேற்கே என் பந்தலில் காய்க்கிற புடலங்காய்க்கு மார்க்கெட்டில் தனிக் குரல் உண்டு. "ஆச்சி காய் வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்ற மூட்டையை அவிழ்ப்பார்கள். விவசாயம் படித்த பிள்ளைகள் நோட்டும் கேமராவுமாக வருகிறார்கள். உரம் வாங்காமல், களை பறிக்காமல், பாதி நாள் தண்ணீர்கூட விடாமல் எப்படி ஆச்சி என்று கேட்கிறார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "யாரும் நட்டு வளர்த்த ஆள் இல்லை நான், தானா முளைச்சவ" என்று சொல்லுவேன். அதையும் எழுதிக்கொள்வார்கள்.

அதில் ஒரு பொய் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன்.

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கலாம். வெள்ளைக்காரன் போய்ப் பத்து வருஷம் ஆகியிருக்கும். குற்றாலத்தில் பேரருவியிலிருந்து ஐந்தருவிக்குப் போகிற சாலையில் மதுரை முதலாளி ஒருவருடைய பங்களா இருந்தது. அப்பா அங்கே காவல். பங்களாவுக்குப் பின்னால் ஓடு போட்ட ஒற்றை அறையில் நாங்கள் மூன்று பேர். சீசனுக்கு மட்டும் முதலாளி குடும்பம் வரும். மற்ற மாதங்களில் அத்தனை ஜன்னலும் சாத்திக் கிடக்கும். நான் ஒவ்வொரு ஜன்னல் கண்ணாடியிலும் மூக்கை அழுத்தி உள்ளே பார்ப்பேன். வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலிகள் உட்கார்ந்தபடியே தூங்கும்.

மழை வேறு, சாரல் வேறு என்று உங்களுக்குத் தெரியும். மழை விழும், சாரல் விழாது, நிற்கும். மலையிலிருந்து வெள்ளையாக இறங்கி வந்து, வாசலில் நின்று, அப்படியே வீட்டுக்குள் வந்து கொடியில் காய்கிற பாவாடையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகும். பல காலை எங்கள் அறைக்கும் பங்களாவுக்கும் நடுவில் இருக்கிற கொல்லை காணாமல் போய்விடும். அம்மா அதற்குள் நடந்து போவாள். முதலில் கால் மறையும், பிறகு சேலை மறையும், கடைசியில் கொண்டை மட்டும் போகும். சிறிது நேரம் கழித்து ஒரு கூடையும் ஒரு கொண்டையுமாகத் திரும்பி வருவாள்.

அந்தக் கொல்லையின் நடுவில்தான் குழி இருந்தது.

இடுப்பளவு ஆழம். இரண்டு கட்டில் போடுகிற அகலம். அம்மா அதில் போடாத பொருள் கிடையாது. சீசனில் பங்களாக்களில் விழுகிற எச்சில் இலை, பலாச்சக்கை, மாம்பழத் தோல், டீக்கடைச் சக்கை, அடுப்புச் சாம்பல், தென்காசியிலிருந்து வருகிற குதிரை வண்டிகள் சாலையில் விட்டுப் போகிற சாணம். அருவிக்கரையில் குளிப்பவர்கள் தேய்த்து எறிகிற சீயக்காய்ச் சக்கையைக்கூட ஓலைப்பெட்டியில் வாரிக்கொண்டு வருவாள். ஒரு அடுக்கு குப்பை, மேலே ஒரு கை மண். அதற்குமேல் தொடமாட்டாள். கிளறமாட்டாள், புரட்டமாட்டாள். "அது தூங்குதுட்டி. எழுப்பாத," என்பாள்.

குழி நாறாது. இதை நம்பாதவர்கள் என் தோட்டத்துக்கு வந்து மோந்து பார்க்கலாம். மேலே மண் போட்டுவிட்டால் பழைய வெல்லப்பானையைத் திறந்த மாதிரி ஒரு வாசம்தான் வரும். சாரல் நாட்களில் அதிலிருந்து மெல்ல ஆவி கிளம்பும். நான் கரையில் உட்கார்ந்து இரண்டு காலையும் உள்ளே தொங்கவிடுவேன். மேலே குளிர், கீழே பசுமாட்டு வயிற்றுச் சூடு. அப்படியே பாதித் தூக்கத்தில் ஒரு காலைப் பொழுது முழுக்கப் போய்விடும்.

அம்மாவின் தோட்ட வேலை மூன்றே சொல். போடு, கட்டு, பறி. குழியில் போடு, கொடியைக் கட்டு, காயைப் பறி. வேறு வேலைக்கு அவளுக்கு நேரம் இல்லை. பங்களாக்களில் பாத்திரம் தேய்க்கவும் துணி துவைக்கவும் போய் வருகிறவளுக்கு, பாத்தி கட்டித் தண்ணீர் பாய்ச்ச எங்கே பொழுது? குழியைச் சுற்றி விதையை ஊன்றிவிட்டால் வேர் தானாகக் குழியைத் தேடிப் போகும், தண்ணீரைச் சாரல் பார்த்துக்கொள்ளும் என்பது அவள் கணக்கு.

ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரிந்தது. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற அண்ணாச்சி ஒருவர் பக்கத்து வளைவில் குடியிருந்தார். எண்ணெய் வழிகிற கையோடு வேலிக்கு அந்தப்புறம் நின்றுகொண்டு, "என்ன தாயீ, தோட்டம் இன்னும் எந்திரிக்கலையா?" என்று கேட்பார்.

"எந்திரிச்சா உங்களுக்கும் ரெண்டு காய் தாரேன் அண்ணாச்சி," என்பாள் அம்மா. "அதுவரைக்கும் வேலியில எண்ணெய் வைக்காதிய, எறும்பு வருது."

அந்த வருஷம் வைகாசிக் கடைசியில் பந்தல் போடுவது என்று முடிவாயிற்று. அதுவரை கொடிகள் வேலியிலும் கொய்யா மரத்திலும் கண்டபடி ஏறிக்கொண்டிருந்தன. பந்தலுக்குக் காரியஸ்தரிடம் அனுமதி வாங்க வேண்டும். காரியஸ்தர் என்றால் முதலாளிக்காக இந்தப் பக்கத்துச் சொத்துகளைப் பார்த்துக்கொள்கிறவர். தென்காசியில் வீடு. ஒல்லியான மனிதர். மழை இல்லாத நாளிலும் வளைந்த பிடி வைத்த கறுப்புக் குடையோடுதான் வருவார்.

"பந்தல் போட்டுக்கோரும்வே," என்றார் அப்பாவிடம். "காய் வந்தா முதலாளி வீட்டுக்கும் ஆச்சு. ஆனா மரம்னு ஒண்ணு வைக்கப்படாது. ஒரு முருங்கைக் குச்சி கூட ஊனப்படாது. இன்னிக்கு மரம் வைப்பிய, நாளைக்கு மரம் எனக்கு, மண்ணும் எனக்கும்பிய. ஊரெல்லாம் இப்ப அந்தப் பேச்சாத்தான் இருக்கு. மரம் ஒண்ணு நின்னா மறுநாள் நீரு இங்கன நிக்க முடியாது. வெளங்குதா?"

"வெளங்குது அண்ணாச்சி. பந்தக்காலு மட்டுந்தான்," என்றார் அப்பா.

அப்பா பந்தலுக்குப் பூவரசங் கொப்புகளை வெட்டிக்கொண்டு வந்தார். ஆறு கம்பு. என் கைப்பிடிக்குள் அடங்காத பருமன். அம்மா அதைப் பார்த்ததும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"பச்சைப் பூவரசா? இந்த ஊர்ல இதை நேரா நட்டா முளைச்சிருமே."

அப்பா வாசுதேவநல்லூருக்குக் கிழக்கே, வானம் பார்த்த காட்டில் பிறந்தவர். "வெட்டின கம்பு எங்கயாச்சும் முளைக்குமாளா? எங்க ஊர்ல வேரோட வச்சாலே பட்டுப்போவுது."

"உங்க ஊர்ல ஆளே வாடித்தான் கிடக்கு. இங்கன விளக்குமாத்தைச் சாத்தி வச்சாலும் இலை விடும். தலைகீழா நடுங்க. அடி மேல, நுனி கீழ. அப்பத்தான் முளைக்காது."

அம்மா பிறந்த ஊரான இலத்தூரில் அப்படித்தான் செய்வார்களாம். பந்தக்கால் பச்சை மரமானால் தலைகீழாய் நட வேண்டும். கம்புக்கு மேல் எது கீழ் எது என்று தெரியாமல் போய் அப்படியே காய்ந்து நின்றுவிடும். அம்மா வெற்றிலைச் சுண்ணாம்பை விரலில் எடுத்து, ஒவ்வொரு கம்பின் அடி முனையிலும் ஒரு பொட்டு வைத்தாள். "பொட்டு வச்ச முனை வானத்தைப் பாக்கணும்," என்று அப்பாவிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, தம்பி மகளுக்குக் காதுகுத்து என்று இரண்டு நாளைக்கு இலத்தூருக்குப் போய்விட்டாள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதற்கு முந்திய சீசனில் நான் ஐந்தருவியில் வழுக்கி விழுந்து தண்ணீர் குடித்துவிட்டேன். எண்ணெய் தேய்க்கிற அண்ணாச்சிதான் தூக்கினார். தூக்கி, இரண்டு கணுக்காலையும் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு உலுக்கினார். பாறை மேலே போயிற்று. வானம் கீழே போயிற்று. அருவி தரையிலிருந்து மேலே ஏறிப் போவதை நான் பார்த்தேன். தண்ணீர் வெளியே வந்தது, உயிர் தங்கியது, எல்லாம் சரி. ஆனால் அந்தத் தலைசுற்றல் மாதக்கணக்கில் என்னை விடவில்லை. படுத்தால் பாய் கவிழ்கிற மாதிரி இருக்கும்.

அந்த ஆறு கம்பும் குழிக்கரையில் வரிசையாகப் படுத்திருந்தன. நாளைக்கு அவற்றைத் தலைகீழாக நட்டு, அப்படியே விட்டுவிடப் போகிறார்கள். யாரும் திருப்பிவிடப் போவதில்லை. நான் சாரலில் குந்தியிருந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்டுவாயிலிருந்து மஞ்சளாக ஒரு பால் கசிந்து காய்ந்திருந்தது. பட்டையைத் தொட்டால் ஜில்லென்று, உயிருள்ள கையைத் தொட்ட மாதிரி இருந்தது.

ஈரத் தேங்காய்நாரை எடுத்து ஆறு பொட்டையும் தேய்த்துக் கழுவினேன். அம்மாவின் சுண்ணாம்புச் செப்பைத் திறந்து, மற்ற முனைகளில் ஆறு பொட்டு வைத்தேன். விரல் வெந்தது. அந்தச் செப்பு பித்தளை. மூடியில் ஒரு மயில் உண்டு, மயிலுக்கு ஒரு கால் உடைந்திருக்கும். அது பிறகு வீடு மாறுகையில் எங்கோ போய்விட்டது. இன்று என்னிடம் எத்தனையோ பித்தளை இருக்கிறது, அந்த ஒற்றைக்கால் மயில் இல்லை.

மறுநாள் அப்பா கடப்பாரையால் ஆறு குழி போட்டு, சொன்ன சொல் தவறாமல், பொட்டு வைத்த முனை வானத்தைப் பார்க்கும்படி நட்டார். அம்மாவின் குழிக்கு இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. மேலே மூங்கில் கழியும் பனைநாரும். அம்மா திரும்பி வந்து ஆறு வெள்ளைப் பொட்டையும் அண்ணாந்து பார்த்தாள். கம்பின் அடிக்கும் நுனிக்கும் பருமனில் ஒரு நூல்தான் வித்தியாசம். "ஒரு வேலையாவது சொன்னபடி செஞ்சியளே," என்றாள்.

பிறகு வந்தது அந்த ஆனி மாதம். அதற்குப் பிறகு எத்தனையோ ஆனி பார்த்துவிட்டேன். அப்படி ஒன்று வரவில்லை. பத்தே நாளில் கொடி பந்தலைத் தொட்டது. காலையில் ஒரு கொடியின் நுனிச் சுருளுக்கு முன்னால் சுண்டுவிரலை நீட்டிக்கொண்டு நிற்பேன். வெயில் ஏறுவதற்குள் அது என் விரலைத் தேடி வந்து ஒரு சுற்று சுற்றிவிடும். பிரித்துவிட்டுப் போக மனசு வராது. பீர்க்கம்பூ சாயங்காலம் மஞ்சளாக விரியும். புடலம்பூ வெள்ளை நூலாகப் பிரிந்து தொங்கும். புடலம்பிஞ்சு வளைந்துபோகாமல் நேராக இறங்க வேண்டும் என்றால் நுனியில் கல் கட்ட வேண்டும். அது என் வேலை. அருவி ஓடையில் பொறுக்கிய வழவழப்பான கல்லை வாழைநாரில் கட்டித் தொங்கவிடுவேன். பந்தலுக்குக் கீழே குழி ஆவி விட, மேலேயிருந்து முப்பது நாற்பது கல் அந்தரத்தில் மிதக்கும். காற்று வந்தால் மெல்லக் கொட்டிக்கொள்ளும். அதன் நடுவே நான் நடந்துபோவேன். உலகத்தில் எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஒருநாள் காலை மூன்றாவது கம்பில் ஒரு பச்சைப் புள்ளியைப் பார்த்தேன்.

மறுநாள் அது இலை. இதய வடிவத்தில், என் நகத்தளவு. ஐந்தாவது கம்பிலும் ஒன்று, ஆறாவதில் இரண்டு. காரியஸ்தர் சொன்னது எனக்கு நன்றாகக் காதில் விழுந்திருந்தது. மரம் ஒன்று நின்றால் மறுநாள் நாங்கள் இங்கே நிற்க முடியாது. நான் அந்தத் துளிர்களைக் கிள்ளிக் குழியில் போட்டு மண்ணைத் தள்ளினேன். அடுத்த நாளும் கிள்ளினேன். கிள்ளக் கிள்ள ஒன்றுக்கு இரண்டாக வந்தது. எட்டாத உயரத்தில் வந்ததை மறைக்க அவரைக் கொடியை இழுத்துச் சுற்றிவிட்டேன்.

ஒரு விநோதம் நடந்தது. சில காலை நான் போகும்போது நேற்று விட்டுவைத்த துளிர் இருக்காது. என் கைக்கு எட்டாத இடத்தில்கூட யாரோ கிள்ளியிருப்பார்கள். மலையிலிருந்து குரங்கு வந்து தின்கிறது என்று நினைத்துக்கொண்டேன். குரங்குக்கு மனசுக்குள் நன்றிகூடச் சொன்னேன்.

ஆடி பிறந்து முதலாளி குடும்பம் வருவதற்கு நான்கு நாள் முன்னால், பங்களாவைத் திறந்து ஒழுங்கு பார்க்கக் காரியஸ்தர் வந்தார். ஜன்னல்களைத் திறக்கச் சொன்னார், வெள்ளைத் துணிகளை உதறச் சொன்னார், கடைசியில் கொல்லைப்பக்கம் வந்தார். பந்தலைப் பார்த்ததும் அவர் முகமே மாறிவிட்டது. அந்த ஒல்லி மனிதர் குழந்தை மாதிரி அண்ணாந்து நின்றார்.

"என்னவே இது! பாம்புப் பண்ணையா?" என்று சிரித்தார். "ஒரு ஆளு நட்ட மாதிரி இல்லையே. தண்ணி யாரு விடுதா?"

"யாரும் விடல அண்ணாச்சி. அதுபாட்டுக்கு வருது," என்றாள் அம்மா. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. "முதலாளி அம்மாவுக்குன்னு பத்து காய் விட்டு வச்சிருக்கேன். பாருங்க, அளந்து வச்ச மாதிரி."

ஒரு புடலங்காயைத் தூக்கிப் பார்க்க அவருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. குடையை எங்கே வைப்பது என்று பார்த்தார். பக்கத்தில் இருந்த கம்பில் மாட்டினார்.

குடை நின்றது.

காயைப் பார்த்தார், கல்லைத் தட்டிப் பார்த்தார், ஆடுவதைப் பார்த்து மறுபடியும் சிரித்தார். பிறகு குடையை எடுக்கக் கையை நீட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். வழவழப்பான பந்தக்காலில் குடை எதில் மாட்டியிருக்கிறது? அவரைக் கொடியை விலக்கினார். சுண்டுவிரல் பருமனில் ஒரு கொப்பு, நுனியில் நாலு இலை.

"கம்புல ஏதுவே கொப்பு?"

அவர் அடுத்த கம்புக்குப் போனார், கொடியை விலக்கினார். அதற்கடுத்த கம்பு. ஆறாவது கம்பை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. குந்தியிருந்து குழிக்கரை மண்ணை விரலால் கிளறினார். அம்மா யாரையும் கிளறவிடாத அந்த மண்ணுக்குள், சேமியா மாதிரி வெள்ளை வெள்ளையாக வேர்.

"ஆறு மரம்," என்றார். எழுந்திருக்கவில்லை. "நல்ல எரு வேற போட்டு வளத்திருக்கிய."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

"பொட்டு வச்சுக் கொடுத்தேன் இல்ல? பொட்டை மாத்தி வச்சு நட்டியளா?" என்றாள் அம்மா. "வெட்டின கம்பு முளைக்குமான்னு என்னைப் பரிகாசம் பண்ணினியளே, பண்ணிக் காட்டணும்னு நட்டியளா?"

"நான் பொட்டைப் பாத்துத்தாம்ளா நட்டேன்! பொட்டை யாரு வச்சா? நீதான வச்ச?" என்றார் அப்பா. "நமக்குன்னு ஒரு இடம் இல்லையேன்னு தினமும் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சியே. அதுக்கா இப்படி?"

"நானா? ஏன், தினமும் விடியுமுன்ன வந்து இலையைக் கிள்ளிப் போட்டது யாரு? உங்க தப்பை மறைக்க நாந்தான் கிள்ளினேன்!"

"நீ கிள்ளினியா? நான்லா கிள்ளினேன், உனக்காவ!"

குரங்கு வரவேயில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

காரியஸ்தர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நாடகம் நல்லா இருக்கு," என்றார். "ஒருத்தர் நட்டிய, ஒருத்தர் மறைச்சிய. இப்ப ஒருத்தர் தலையில ஒருத்தர் போட்டுத் தப்பிக்கப் பாக்கிய. யாரு செஞ்சா? அதை மட்டும் சொல்லும்."

என் கையில் ஒரு கல் இருந்தது. கட்டுவதற்காக எடுத்து வைத்திருந்த கல். நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். சாரல் உள்ளே போய் நாக்கு நனைந்தது. அருவி தரையிலிருந்து மேலே ஏறிப் போகிறது மாதிரி எல்லாம் ஒருமுறை கவிழ்ந்தது. பேச்சு வரவில்லை. மூன்று பேரில் ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. எட்டு வயதுப் பெண்பிள்ளை கம்பைப் புரட்டியிருப்பாள் என்று யாருக்குத் தோன்றும்?

முதலாளி வருவதற்குள் அறையைக் காலி செய்யச் சொன்னார். ஆறு கம்பையும் அவர் கண் முன்னால் வெட்டச் சொன்னார். அப்பா பிடுங்கப் பார்த்தார், வரவில்லை. அரிவாளை எடுத்து முழங்கால் உயரத்தில் வெட்டினார். மூன்றாவது கம்பு சாயும்போது பந்தல் மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தத்தோடு இறங்கிக் குழியை மூடிக்கொண்டது. கற்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையைத் தொட்டன. அந்தச் சத்தத்தை நான் எழுதப் போவதில்லை.

அம்மா குதிரை வண்டியில் ஏற்றியது மூன்று: ஒரு மூட்டைக் காய், சுரைக்குடுக்கையில் சாம்பல் போட்ட விதை, ஒரு பெட்டி நிறையக் குழி மண். "மண்ணை எதுக்குத் தாயீ தூக்கிட்டுப் போற?" என்று எண்ணெய் அண்ணாச்சி கேட்டார். அன்று அவர் பரிகாசம் பண்ணவில்லை. "தூங்குத பிள்ளையை விட்டுட்டுப் போவ முடியுமா அண்ணாச்சி?" என்றாள் அம்மா. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தென்காசிப் பாடு பெரிய பாடு. கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். அப்பா பஸ் ஸ்டாண்டில் மூட்டை தூக்கினார். அம்மா சந்தில் ஒரு முழ இடத்தில் அந்தப் பெட்டி மண்ணைக் கொட்டி, ஜன்னல் கம்பியில் பாகல் ஏற்றினாள். நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். ஓலைப்பெட்டியைத் தலையில் வைத்துக் காய் விற்றேன். இந்தக் கதையைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லுவேன். பெட்டியிலிருந்து லாரி வரைக்கும் வந்த கதை. பெட்டிக்கு முந்தின கதையைச் சொன்னதில்லை.

ஏழெட்டு வருஷம் கழித்து, ஒருநாள் அப்பா எங்களை இலத்தூர் ரோட்டுக்குக் கூட்டிப்போய் ஒரு துண்டு நிலத்தைக் காட்டினார். பத்து சென்ட். கல்லும் முள்ளும். அதை வாங்குவதற்காக அவர் அத்தனை வருஷம் பீடியை விட்டு, மத்தியானச் சோற்றை விட்டு மூட்டை சுமந்திருந்தார். அம்மா கொஞ்ச தூரம் நடந்து போனதும் என் காதில் சொன்னார்:

"உங்க அம்மைக்கு மண்ணு மேல அவ்வளவு ஆசைட்டி. இல்லாட்டி அன்னிக்கு அப்படிச் செய்வாளா? வாயைத் தொறந்து கேக்கத் தெரியாது அவளுக்கு. கம்பை நட்டுக் கேட்டா. எனக்குத்தான் அன்னிக்குப் புரியல."

அன்றைக்கே, வீடு திரும்பிக் கீரை ஆய்கையில் அம்மா சொன்னாள்: "எனக்கு எதுக்குட்டி நிலம்? நாலு கம்பு ஊன இடம் இருந்தாப் போதாதா? ஆனா வேண்டாம்னு சொல்ல மனசு வரல. வீம்புக்கு நேரா நட்டுட்டு, அந்த மனுசன் அன்னிக்கு அடிபட்டவரு, அதுக்கப்புறம் ஒரு நாள் என் பேச்சைத் தட்டினதில்ல. தப்பு செஞ்சவனுக்குத்தான் அந்தப் பணிவு வரும்."

அந்தப் பத்து சென்ட்டில்தான் என் முதல் பந்தல். அதிலிருந்துதான் எல்லாம். அவள் கேட்காத நிலத்தை, அவள் செய்யாத குற்றத்துக்காக, அவர் வாங்கிக் கொடுத்தார். அவர் செய்யாத குற்றத்தை அவள் அன்றே மன்னித்து, ஆயுசு முழுக்க அவரோடு நிம்மதியாக இருந்தாள். அன்றைக்கு நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் இரண்டு பேரும் எதை இழப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். யோசித்து முடிப்பதற்குள் இருவரும் போய்விட்டார்கள்.

சாரல் பெய்தால் மட்டும் இருவரும் குத்திக்கொள்வார்கள். "நேரா நடுற ராசா, குடையை எடுத்துட்டுப் போங்க," என்பாள் அம்மா. "தலைகீழ் மகராசி சொன்னா சரி," என்பார் அப்பா. இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பு இருக்கும். நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

போன ஆடியில் பேரனின் காரில் ஐந்தருவிக்குப் போனேன். குளிக்க இல்லை, பார்க்க. வழியில் அந்த வளைவு வந்ததும் நிறுத்தச் சொன்னேன். பங்களா இல்லை. நான்கு மாடி லாட்ஜ். ஆனால் பின்னால் கார் நிறுத்துகிற இடத்தில் ஆறு பூவரசு நின்றது. இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. ஒவ்வொன்றும் நான் கட்டிப்பிடித்தாலும் கை சேராத பருமன். முழங்கால் உயரத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பழைய முடிச்சு, அங்கிருந்து நாலைந்தாகக் கிளை பிரிந்து, மேலே பந்தல் போட்ட மாதிரி ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு மஞ்சளாகப் பூத்திருந்தன. நடுவில் மட்டும் கார் நிறுத்தவில்லை. அங்கே சக்கரம் புதைந்துவிடுமாம்.

வாட்ச்மேன் ஒரு இளவட்டம். அவனைக் கேட்டேன், "ஏய்யா, இதை யாரு வச்சா?"

"யாரும் வைக்கல ஆச்சி. தானா முளைச்சது."

மழைக்கு ஒதுங்கியதுபோல் அந்த ஆறு மரத்துக்கு நடுவே நின்றேன். காலுக்குக் கீழே மண் மெத்தென்று இருந்தது. செருப்பைக் கழற்றினேன். நீங்கள் நம்புவீர்களோ மாட்டீர்களோ, அந்த இடம் லேசாகச் சுட்டது.

வாயைத் திறந்தேன். சாரல் நாக்கில் பட்டது. இந்தத் தடவை பேச்சு வந்தது.

"தானா ஒண்ணும் முளைக்கலய்யா. தலைகீழா நட வேண்டிய கம்பு இது. நாந்தான் நிமித்தி வச்சேன். எங்க அப்பாவும் செய்யல, அம்மாவும் செய்யல. நாந்தான்."

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு என் தோளை மெல்லத் தொட்டு, "சரி ஆச்சி. பின்னால கார் வருது, கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றான்.

தள்ளி நின்றேன். அண்ணாந்து ஆறு மரத்தின் உச்சியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றுக்கும் தலை சுற்றவில்லை.